பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் விலை மதிப்பீடு

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் விலை மதிப்பீடு என்பது, குடும்பச் சொத்தாகவோ முன்னர் வாங்கியதாகவோ ஒருவரிடம் உள்ள பழைய வேட்டைத் துப்பாக்கியை விற்பதற்கு முன், அதன் நியாயமான விலையைக் கணிக்கும் முறை ஆகும். பழைய கடிகாரம், மரச்சாமான், நாணயம் போன்றவற்றின் விலையைப் பெரும்பாலும் அவற்றின் அருமையும் நிலையும் முடிவு செய்கின்றன. இந்தியாவில் துப்பாக்கிக்கு இவை மட்டும் போதா. அதை யார் சட்டப்படி வாங்க முடியும், அதைப் பாதுகாப்பாகச் சுட முடியுமா என்ற இரு கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே, செய்தவர் யார், எவ்வளவு பழையது என்பவற்றுக்குப் பொருள் உண்டு. இந்த வரிசை தெரியாததால் நல்ல துப்பாக்கியை மிகக் குறைந்த விலைக்கு இழப்பதும், விலை கூடும் என்று காத்திருந்து துப்பாக்கியை அரசிடமே பறிகொடுப்பதும் நிகழக்கூடும்.

இக்கட்டுரை மதுரை வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

## பின்னணி

பிரித்தானிய இந்தியாவில் 1878 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. ஆகவே உரிமம் பெற்ற துப்பாக்கி பயன்பாட்டுப் பொருளாக மட்டுமன்றி, அரசு அளித்த மதிப்பின் அடையாளமாகவும் கருதப்பட்டது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் சமீன்தார்கள், பெருநிலக்கிழார்கள், வணிகர்கள், அரசு அலுவலர்கள் ஆகியோர் இத்தகைய துப்பாக்கிகளை வைத்திருந்தனர். சமவெளிக் கண்மாய்களுக்குக் குளிர்காலத்தில் வரும் நீர்ப்பறவைகளும், மேற்கே மேகமலை, பழனி மலை ஆகியவற்றின் காட்டு விலங்குகளும் அக்காலத்தில் வேட்டையாடப்பட்டன.

பின்னர் இரு சட்டங்கள் இந்நிலையை மாற்றின. 1948 ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் சமீன்தாரி முறையை முடிவுக்குக் கொண்டு வந்தது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வேட்டையைத் தடை செய்தன. துப்பாக்கி வீட்டில் இருந்தது. அதன் பயன் போயிற்று. இன்று விற்பனைக்கு வரும் பழைய துப்பாக்கிகளில் பல, வேட்டையாடிய தலைமுறை மறைந்த பின் அதன் வாரிசுகளிடம் எஞ்சியவை.

இவ்வகைத் துப்பாக்கி ஒரு முறைக்கு ஒரு குண்டுக்குப் பதிலாகப் பல சிறு ஈய ரவைகளைச் சிதறலாக வெளியேற்றும். குழலின் பின்புறம் திறந்து தோட்டாவை இடும் இரட்டைக்குழல் வகை, உரிமங்களில் டிபிபிஎல் என்ற சுருக்கத்தால் குறிக்கப்படுகிறது.

## போர் என்னும் அளவு

குழலின் உள்விட்டம் போர் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம் ஈயத்தை 12 சம உருண்டைகளாகச் செய்தால், ஓர் உருண்டையின் விட்டமே 12 போர் ஆகும். இது ஏறத்தாழ 18.5 மிமீ. ஒரு பவுண்டில் கூடுதல் உருண்டைகள் செய்தால் ஒவ்வொன்றும் சிறியதாகும் என்பதால், எண் கூடக் குழல் குறுகும். 16 போர் ஏறத்தாழ 16.8 மிமீ, 20 போர் ஏறத்தாழ 15.6 மிமீ.

இந்த எண் விலையை நேரடியாகப் பாதிக்கிறது. இந்தியாவில் எளிதாகக் கிடைப்பது 12 போர் தோட்டாவே. 16 அல்லது 20 போர் துப்பாக்கி வேலைப்பாட்டில் சிறந்திருந்தாலும், தோட்டா கிடைக்குமா என்ற ஐயத்தால் வாங்குவோர் குறைவர்.

## முதற்படி: சட்ட நிலை

இந்தியாவில் துப்பாக்கி உடைமையை 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் 2016 ஆம் ஆண்டின் படைக்கல விதிகளும் ஒழுங்குபடுத்துகின்றன. உரிமம் வழங்கும் அதிகாரி பொதுவாக மாவட்ட ஆட்சியர் ஆவார். காவல் ஆணையர் நியமிக்கப்பட்ட பகுதிகளில் அவ்வதிகாரம் ஆணையரைச் சாரும். ஆகவே மதுரை மாநகரக் காவல் எல்லைக்குள் உள்ள வண்டியூர் போன்ற பகுதியில் வாழ்பவருக்கும், எல்லைக்கு அப்பால் உள்ள சிற்றூரில் வாழ்பவருக்கும் அணுக வேண்டிய அலுவலகம் வேறுபடும்.

விலை பேசுவதற்கு முன் உறுதி செய்ய வேண்டியவை பின்வருமாறு:

1. துப்பாக்கியில் பொறிக்கப்பட்ட எண்ணும் உரிமத்தில் எழுதப்பட்ட எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். செய்தவர் பெயர், எண் அல்லது பிற அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்த எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றமாகும்.
2. உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். 2019 ஆம் ஆண்டின் திருத்தம் உரிமத்தின் காலத்தை 3 ஆண்டுகளில் இருந்து 5 ஆண்டுகளாக நீட்டித்தது.
3. குழல் வெட்டிக் குறுக்கப்படாததாக இருக்க வேண்டும். உரிமமின்றிக் குழலைக் குறுக்குவது 6 ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டுள்ளது. அத்தகைய துப்பாக்கிக்கு விலை என்று ஒன்று இல்லை. வழக்கு மட்டுமே உண்டு.

### உரிமையாளர் இறந்துவிட்டால்

உரிமம் தனி ஒருவருக்கு உரியது. துப்பாக்கியைப் போல் வாரிசுக்குத் தானாக வருவதில்லை. உரிமையாளர் இறந்த பின் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டி வைத்திருப்பதும் உரிமமற்ற உடைமையே ஆகும். அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தின் 21 ஆம் பிரிவின்படி, உடைமை சட்டப்படியானதாக இல்லாது போனதும், காலந் தாழ்த்தாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைப்பதால் உரிமை போய்விடுவதில்லை. வாரிசு தம் பெயரில் உரிமம் பெற்றால் அதைத் திரும்பப் பெறலாம். அல்லது துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு விற்க ஏற்பாடு செய்யலாம். ஆனால் விதிகளில் குறிக்கப்பட்ட காலத்துக்குள் இவ்விரண்டில் ஒன்றும் நிகழாவிடில், மாவட்ட ஆட்சியரின் ஆணையால் அது அரசுடைமை ஆகலாம். பல குடும்பங்களுக்கு இழப்பு ஏற்படும் இடம் இதுவே. எனவே ஒப்படைக்கும்போது எண், செய்தவர் பெயர், அப்போதைய நிலை ஆகியவை எழுதப்பட்ட ஒப்புகைச் சீட்டைப் பெறுவதும், ஒளிப்படங்கள் எடுத்து வைப்பதும் இன்றியமையாதவை.

உரிமையாளர் உயிருடன் இருக்கும்போதே மாற்றிக் கொடுக்கவும் வழி உண்டு. அவர் 70 வயதை அடைந்தாலோ துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அதைச் சட்டப்படியான வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்க 2016 ஆம் ஆண்டின் விதிகள் இடம் தருகின்றன.

## இரண்டாம் படி: யார் செய்தது

குழல்களை இணைக்கும் மேல்பட்டையில் உள்ள பெயரைச் செய்தவர் பெயர் என்று எடுத்துக்கொள்வது பொதுவான வழக்கம். அது எப்போதும் சரியன்று. கொல்கத்தாவின் மாண்டன், ரோடா, லயன் அண்ட் லயன், சென்னையின் பி. ஓர் அண்ட் சன்ஸ், ஓக்ஸ் போன்ற நிறுவனங்கள் தம் பெயரைப் பொறித்துத் துப்பாக்கிகளை விற்றன. அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் பர்மிங்காம் பட்டறைகளில் செய்யப்பட்டு, இந்தியக் கடைகளின் பெயரால் விற்கப்பட்டவை. எனவே மேல்பட்டையில் உள்ளது விற்றவர் பெயராகவும் இருக்கலாம்.

இங்கிலாந்துத் துப்பாக்கிகளை விலை நோக்கில் இரு வகையாகப் பிரிக்கலாம்.

- இலண்டனில் 1814 இல் தொடங்கிய பர்டி, 1835 இல் தொடங்கிய ஆலந்து அண்ட் ஆலந்து, பர்மிங்காமில் 1812 இல் தொடங்கிய வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் உயர்தரத் துப்பாக்கிகள். இவை தனித்தனியே ஆளுக்கேற்பக் கையால் செய்யப்பட்டவை.
- டபிள்யூ. டபிள்யூ. கிரீனர், வெப்லி அண்ட் ஸ்காட் போன்றவற்றின் துப்பாக்கிகள். இவற்றில் எளியவை முதல் மிக உயர்ந்தவை வரை பல தரங்கள் உள்ளன. நிறுவனப் பெயரைக் கொண்டு மட்டும் விலை கூற முடியாது.

பெல்சியத்தின் லியேச் நகரில் செய்யப்பட்ட மலிவான துப்பாக்கிகளும் ஏராளமாக வந்தன. இவற்றுள் சில புகழ்பெற்ற ஆங்கிலப் பெயர்களை ஒத்த பெயர்களைத் தாங்கியிருந்தன. குழலின் அடியில் முட்டை வடிவ வளையத்துள் ஈ, எல், ஜி என்ற உரோமன் எழுத்துகள் இருந்தால், மேலே எப்பெயர் இருந்தாலும் அது லியேச்சில் சோதிக்கப்பட்டது என்று அறியலாம்.

விசையமைப்பும் காலத்தைக் காட்டும். வெளியே தெரியும்படி குதிரை உள்ள துப்பாக்கி பழைய வகை. குதிரை உள்ளே மறைந்திருக்கும் பாக்ஸ்லாக் என்னும் எளிய, உறுதியான அமைப்பை 1875 இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்சன், டீலி என்ற இருவர் உருவாக்கினர். பின்வந்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இதைப் பின்பற்றின. நிறுவனப் பெயரும் உதவும். வெப்லி அண்ட் ஸ்காட் 1897 இல் தான் அப்பெயரில் உருவானது. ஆகவே அப்பெயர் உள்ள துப்பாக்கி அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

## மூன்றாம் படி: சுடத் தகுந்ததா

### வலுச்சோதனை முத்திரைகள்

புதிய குழலை வழக்கத்தை விடக் கூடுதலான வெடிமருந்து இட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை இடுவது வலுச்சோதனை எனப்படுகிறது. இலண்டனில் துப்பாக்கி செய்வோர் கழகம் 1637 இல் பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813 இல் நிறுவப்பட்டது. இம்முத்திரைகள் குழலின் அடிப்பகுதியில், துப்பாக்கியைப் பிரித்தால் மட்டுமே தெரியும் தட்டையான இடத்தில் உள்ளன. துப்பாக்கியின் உண்மையான வரலாறு மேல்பட்டையை விட இங்கேயே மிகுதியாக எழுதப்பட்டுள்ளது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, சோதனை எந்த மருந்துக்கு என்பது. 19 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கருமருந்தே பயன்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் புகையற்ற மருந்து பரவியது. கருமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்ட குழலில் இன்றைய தோட்டாவை இட்டுச் சுடுவது குழல் வெடிக்கக் காரணமாகலாம். இரும்பு, எஃகு இழைகளை முறுக்கிச் சுற்றி அடித்துச் செய்த டமாஸ்கசு குழல்கள் இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியவை. அவற்றின் அலையலையான கோலம் கண்ணுக்கு அழகானது. ஆயின் அழகு வலுவுக்குச் சான்றாகாது.

இரண்டாவது, தோட்டா அறையின் நீளம். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பல 2½ அங்குலத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. இது 65 மிமீ என்று வழங்கப்படுகிறது. இப்போது பரவலான அளவு 70 மிமீ. நீண்ட தோட்டா குட்டையான அறைக்குள் நுழைந்துவிடும். ஆனால் சுடும்போது அதன் மடிந்த வாய் விரிய இடமின்றி அழுத்தம் அபாயகரமாக உயரும்.

### உடல்நிலை

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்த பின்னரே ஆய்வு தொடங்க வேண்டும். ஆயுதப் பழுதுநீக்குநர் பின்வருவனவற்றைப் பார்ப்பார்:

- குழலின் உட்புறம்: வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் கண்ணாடி போல் இருக்க வேண்டும். துரு தின்ற குழிகள் இருந்தால், அவற்றைத் தேய்த்து நீக்கும்போது குழலின் சுவர் மெலியும். முத்திரையில் குறித்த அளவை விட உள்விட்டம் ஏறத்தாழ 0.010 அங்குலம் கூடிவிட்டால், ஆங்கில முறைப்படி பழைய சோதனை செல்லாததாகிவிடும்.
- குழலின் வெளிப்புறம்: நசுங்கல், வீக்கம், பற்றவைப்பு விட்ட இடம். குழல்களைக் கழற்றித் தொங்கவிட்டு விரலால் சுண்டினால் மணி போல் ஒலிக்க வேண்டும். மங்கிய ஒலி எழுந்தால் இணைப்புப்பட்டை எங்கோ விட்டிருக்கக் கூடும்.
- இணைப்பு: மூடிய நிலையில் குழலுக்கும் விசைப்பெட்டியின் முகத்துக்கும் இடையே வெளிச்சம் தெரியலாகாது, ஆட்டமும் இருக்கலாகாது.
- கட்டை: விசைப்பெட்டியின் பின்னே மரம் மெலியும் இடத்தில் விரிசல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் எண்ணெய் ஊறிய மரம் மென்மையாகிவிடும்.
- எண்கள்: குழல், விசைப்பெட்டி, முன்கட்டை ஆகிய மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். எண்கள் வேறுபட்டால் அது பல துப்பாக்கிகளின் பகுதிகளைச் சேர்த்தது.
- திருகாணிகள்: தலைப்பள்ளம் சிதைந்திருந்தால் பழகாத கை ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள்.

## இலண்டன் விலையும் மதுரை விலையும்

இலண்டன் ஏல விலைகளை இந்திய உரூபாயாக மாற்றிப் பார்த்து, அதுவே தம் துப்பாக்கியின் விலை என்று முடிவு செய்வது பெரும் பிழை. இந்தியச் சந்தை இருபுறமும் அடைக்கப்பட்ட ஒரு கண்மாய் போன்றது.

உள்வரும் மடை அடைபட்டுள்ளது. 1980களுக்குப் பிறகு தனியாட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது, தகுதி பெற்ற விளையாட்டு வீரர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு ஏறத்தாழ இயலாததாயிற்று. ஆகவே ஏற்கனவே நாட்டில் உள்ள வெளிநாட்டுத் துப்பாக்கிகள் அருமையாயின. இங்கிலாந்தில் சாதாரணமாகக் கருதப்படும் வெப்லி, இங்கே மதிப்புடன் பார்க்கப்படுவதற்கு இதுவே காரணம்.

வெளிச்செல்லும் மடையும் அடைபட்டுள்ளது. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கைவினைப் பொருட்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரக்கூடும். அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. எனவே ஒரு நூற்றாண்டைக் கடந்த பர்டி துப்பாக்கிக்கு இலண்டனில் எவ்வளவு விலை இருந்தாலும், அவ்விலையைக் கொடுக்கக் கூடியவர் இச்சந்தைக்குள் இல்லை.

கண்மாயின் பரப்பும் சுருங்கியது. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த படைக்கலத் திருத்தச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3 இல் இருந்து 2 ஆகக் குறைத்தது. பரம்பரைத் துப்பாக்கிகளுக்கும் இவ்வரம்பு பொருந்தும். கூடுதலாக வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் ஒன்றை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. சேகரிப்பதற்காக வாங்குபவர் என்ற வகையே இதனால் அருகியது. ஏற்கனவே இரண்டு வைத்திருப்பவர், எவ்வளவு சிறந்த துப்பாக்கியைக் கண்டாலும், ஒன்றை விற்காமல் மற்றொன்றை வாங்க முடியாது.

எஞ்சிய தேவையில் ஒரு பகுதி வங்கி, பணம் கொண்டு செல்லும் வண்டி ஆகியவற்றின் காவலர்களிடம் இருந்து வருகிறது. முன்னாள் படைவீரர்கள் பலர் சொந்த உரிமத்தில் 12 போர் துப்பாக்கியுடன் இவ்வேலை செய்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது செதுக்கு வேலைப்பாடு அன்று. உறுதியான குழலும் பிழையாத விசையுமே. ஆகவே எளிய, பழுதற்ற துப்பாக்கி விரைவில் விற்கிறது. மெல்லிய வேலைப்பாடுள்ள உயர்தரத் துப்பாக்கி அதன் அருமை அறிந்த வாங்குபவர் வரும் வரை காத்திருக்க நேர்கிறது.

## விலையை எட்டுதல்

சாதாரணத் துப்பாக்கிக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அதே வேலையைச் செய்யும் புதிய இந்தியத் துப்பாக்கியின் விலையே அது. அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் 12 போர் துப்பாக்கிகளை நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளன. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. புதியதன் விலையை அறிந்து, பழையதன் தேய்மானத்தைக் கழித்தால் அடிப்படை விலை கிடைக்கும். செய்தவர் புகழ், ஒத்த எண்கள், நல்ல குழல், மூலப் பெட்டி, பழைய விற்பனைச் சீட்டு ஆகியவை இருந்தால் மட்டுமே அதற்கு மேல் கூட்ட வேண்டும். புகழ்பெற்ற நிறுவனங்கள் சில தம் பழைய பதிவேடுகளைப் பார்த்து, எண்ணைக் கொண்டு செய்த ஆண்டையும் மூல வடிவத்தையும் கட்டணம் பெற்று எழுதித் தருகின்றன.

விற்பனையாளர் கூறும் விலை இரு வகைப்படும். உடனே பணம் கொடுத்து வாங்கும் விலை குறைவாக இருக்கும். ஏனெனில் உரிமம் உள்ளவர் வரும் வரை காத்திருக்கும் சுமை அவருடையது. தரகுக்கு விற்றுக் கொடுக்கும் விலை கூடுதலாக இருக்கும்; காத்திருப்பு உரிமையாளருடையது. இவ்விரண்டையும் தனித்தனியே கேட்டு, குறைந்தது இரண்டு மூன்று கடைகளின் மதிப்பீட்டை எழுத்தில் பெற்று ஒப்பிடுவது நன்று.

தனியாருக்கு நேரடியாக விற்கவும் சட்டம் இடம் தருகிறது. வாங்குபவர் உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். அவருடைய பெயரையும் முகவரியையும் குறிப்பிட்டு, விற்கும் எண்ணத்தை மாவட்ட ஆட்சியர் அல்லது அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, 45 நாட்கள் கடந்த பின்னரே துப்பாக்கியைக் கைமாற்ற வேண்டும். விற்ற பின் தம் உரிமத்தில் இருந்து அத்துப்பாக்கியின் பதிவை நீக்கச் செய்யாவிடில், பிற்காலத்தில் பொறுப்பு விற்றவர் தலையில் விழலாம்.

## பொதுவான தவறான கருத்துகள்

- பழையது என்றாலே விலை கூடும் என்பது. கருமருந்துக்குச் செய்த பழைய குழலை விட, அதற்கு 50 ஆண்டுகள் பிந்திய எளிய துப்பாக்கிக்குக் கூடுதல் விலை கிடைக்கக் கூடும்.
- புதுப்பித்தால் விலை ஏறும் என்பது. துரு பரவாமல் எண்ணெய் இடுவது பராமரிப்பு. மெருகேற்றி, புதிய நீலச்சாயம் ஏற்றி, செதுக்கலைத் தேய்ப்பது அழிப்பு. மூல மேற்பரப்பு ஒருமுறை போனால் திரும்பாது.
- 100 ஆண்டு கடந்தால் உரிமம் வேண்டாம் என்பது. சட்டத்தின் 45 ஆம் பிரிவு வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு அளிப்பது உண்மையே. ஆனால் அவை பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட இயலாதவையாக இருக்க வேண்டும். தோட்டா இட்டுச் சுடக்கூடிய துப்பாக்கிக்கு வயது விலக்கு ஆகாது.

## விற்பனைக்கு உதவாதவை

எல்லாப் படிகளையும் கடந்த பின்னும், சில துப்பாக்கிகளுக்கு வாங்குபவர் கிடைப்பதில்லை. குழல் மெலிந்தவை, எண்கள் ஒவ்வாதவை, தோட்டா கிடைக்காத அளவின ஆகியவை இவற்றுள் அடங்கும். இவற்றை உரிய அதிகாரியிடம் ஒப்படைத்து ஒப்புகை பெறுவதே குடும்பத்துக்குப் பாதுகாப்பானது. வரலாற்றுத் தொடர்புள்ளவை என்றால், அதிகாரியின் அனுமதியுடன் அருங்காட்சியகத்துக்கு அளிக்க முயலலாம். விலை பெறாவிடினும், எப்பெயரில் எவ்வெண்ணில் இருந்தது, யாரிடம் எந்நாளில் ஒப்படைக்கப்பட்டது என்னும் பதிவு அடுத்த தலைமுறையிடம் இருப்பது, தீராத ஒரு பொறுப்பில் இருந்து அவர்களை விடுவிக்கிறது.